ஆக்சிலேட்டர் இறுகினால் எதில் கை வைப்பது?

பைக்கின் ஆக்சிலேட்டர் இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னவுடன் பெரும்பாலான மெக்கானிக்குகளின் கை முதலில் போகும் இடம், கையால் திருகும் கிரிப்புக்குக் கீழே, அதை எஞ்சினோடு இணைக்கும் கேபிளின் மேல்முனையில் இருக்கும் அட்ஜஸ்டர்தான். லாக் நட்டைத் தளர்த்தி, இரண்டு சுற்று சுற்றி, மறுபடி இறுக்கிவிட்டு, "இப்போ பாருங்க சார்" என்பார்கள். என்னுடைய பன்னிரண்டு வயதான 100 சிசி வண்டிக்கும் அப்படித்தான் நடந்தது. ஒரு நாள் முழுவதும் கிரிப் இலேசாகிவிட்டதாகவே எனக்கும் தோன்றியது. மறுநாள் முப்பது கிலோமீட்டர் ஓட்டியபின் மணிக்கட்டில் அதே வலி. பிறகு நானே பிரித்துப் பார்த்தபோது, குறை கேபிளிலேயே இல்லை என்று தெரிந்தது. சில மாதங்களுக்கு முன் புது கிரிப் போட்டபோது அதை அளவுக்கு மீறி வெளிப்பக்கம் விட்டிருந்தார்கள். அதன் ரப்பர் விளிம்பு ஹேண்டில்பார் முனையில் இருக்கும் எடைக்கட்டையை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பிளேடால் இரண்டு மில்லிமீட்டர் வெட்டியெடுத்ததோடு சரியாகிவிட்டது. செலவு எதுவும் இல்லை.

இறுக்கத்தைப் போக்க வீட்டிலேயே செய்யக்கூடிய வழிகள் ஆறேழு இருக்கின்றன. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் செலவைவிட, இறுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதே தீர்மானிக்க வேண்டும். அது வரக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று உரசல்: கிரிப்புக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் ஹேண்டில்பாரின் மேல் சுழலும் இடத்திலும், கேபிளின் உள்கம்பி உறைக்குள் நகரும் இடத்திலும், கார்ப்ரேட்டருக்குள்ளும் அது ஏற்படலாம். மற்றொன்று கார்ப்ரேட்டரில், அல்லது புதிய வண்டிகளில் அதன் இடத்தில் இருக்கும் த்ராட்டில் பாடியில், உள்ள ஸ்பிரிங்கின் இழுப்பு. கையை எடுத்தவுடன் ஆக்சிலேட்டரை மூடுவதற்காகவே அந்த ஸ்பிரிங் வைக்கப்பட்டிருக்கிறது. உரசலைக் குறைக்கும் எந்த வழியும் கிரிப்பை இலேசாக்குவதோடு அது மூடும் வேகத்தையும் கூட்டும். ஸ்பிரிங்கைத் தளர்த்தும் வழியோ கிரிப்பை இலேசாக்கிவிட்டு மூடும் வேகத்தைக் குறைத்துவிடும். கைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதுதான் இதில் இருக்கும் ஆபத்து.

இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, எஞ்சினை அணைத்து வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, கிரிப்பை முழுவதும் திருகிச் சட்டென்று விட்டுப் பார்க்க வேண்டும். "டக்" என்று ஓசையோடு திரும்பினால் பெரும்பாலும் உரசல் இல்லை, இறுக்கம் ஸ்பிரிங்குடையது. தயங்கித் தயங்கித் திரும்பினாலோ, கடைசிக் கால் பங்கில் நின்றுவிட்டாலோ உரசல் இருக்கிறது. ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி வைத்து இதையே செய்து பார்க்கும்போது ஒரு பக்கத்தில் மட்டும் இறுகினால், கேபிள் போகும் பாதையில் எங்கோ ஒரு மடிப்பு இருக்கிறது என்று பொருள். இதற்கு இரண்டு நிமிடம் போதும். கருவி எதுவும் வேண்டாம். இதைச் செய்யாமல் ஸ்பானரை எடுப்பதில் பயனில்லை.

முதலில் அட்ஜஸ்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அதையே மருந்தாக நம்புகிறார்கள். அட்ஜஸ்டர் கேபிளின் தொய்வை மட்டுமே மாற்றும். கிரிப்பின் விளிம்பில் அளந்தால் பொதுவாக 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்க வேண்டும் என்றே பெரும்பாலான வண்டிகளின் கையேடுகள் சொல்கின்றன. தொய்வைக் கூட்டும்போது கிரிப் சிறிது தூரம் எதையும் இழுக்காமல் சும்மா சுழல்வதால் இலேசானது போன்ற ஒரு மயக்கம் வருகிறது. எனக்கு ஒரு நாள் வந்த மயக்கம் அதுதான். கம்பி விறைத்தபின் தேவைப்படும் விசை ஒரு துளியும் குறைவதில்லை. மறுபுறம், ஆட்டமே இல்லாமல் இழுத்து வைத்தால் ஹேண்டிலைத் திருப்பும்போது கேபிள் இழுபட்டு ஐடில், அதாவது கிரிப்பைத் திருகாதபோது எஞ்சின் ஓடும் வேகம், தானாக ஏறும். போக்குவரத்து நெரிசலில் யூ டர்ன் எடுக்கும்போது வண்டி தானே முன்னால் பாய்வதற்கு இது போதும். அட்ஜஸ்டரே உண்மையில் இறுக்கத்தைக் குணப்படுத்தும் சந்தர்ப்பம் ஒன்றுண்டு. திறப்பதற்கு ஒன்று, மூடுவதற்கு ஒன்று என்று இரண்டு கேபிள்கள் உள்ள வண்டிகளில், இரண்டையும் தொய்வில்லாமல் இறுக்கி வைத்திருந்தால் அவை ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொண்டிருக்கும். அங்கே மூடும் கேபிளைச் சற்றுத் தளர்த்தினாலே கை வித்தியாசத்தை உணரும். ஒற்றைக் கேபிள் வண்டியில் அட்ஜஸ்டர் கடைசி வேலையாக இருக்க வேண்டுமே தவிர முதல் வேலையாக அல்ல.

அடுத்த வழி, கிரிப்பின் அடியில் இருக்கும் குழாயைச் சுத்தம் செய்வது. வெறும் உழைப்புக்குக் கிடைக்கும் பலனை வைத்துப் பார்த்தால் எல்லா வழிகளிலும் இதற்குத்தான் நான் முதலிடம் தருவேன். ஸ்விட்ச் கூட்டைப் பிணைத்திருக்கும் இரண்டு ஸ்குருக்களைக் கழற்றி, கேபிள் முனையில் இருக்கும் உலோகக் குமிழான நிப்பிளைக் குழாயின் பள்ளத்திலிருந்து விடுவித்தால் குழாய் முழுதும் வெளியே வந்துவிடும். அந்த ஸ்குருக்களின் தலை எளிதில் மழுங்கும் என்பதால், சரியான அளவுள்ள ஸ்குரு டிரைவரைக் கொண்டு நன்றாக அழுத்தித் திருக வேண்டும். உள்ளே பார்த்தால், பல ஆண்டு மழைநீரும் தூசியும் யாரோ எப்போதோ தடவிய கிரீஸும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் இரண்டையும் துடைத்து, 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த ஹேண்டில்பாரில் துருப்புள்ளிகள் இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினால் போதும். மறுபடி கெட்டியான கிரீஸை அப்புவதுதான் இங்கே பலரும் செய்யும் தவறு. கிரீஸ் தூசியைப் பிடித்துவைக்கும். ஆறு மாதத்தில் பழைய களிம்பு திரும்ப உருவாகும். சுழலும் பரப்பை உலர்வாக விட்டு, நிப்பிள் உட்காரும் பள்ளத்தில் மட்டும் ஒரு துளி எண்ணெய் விடுவதே என் வழக்கம். திரும்பப் பொருத்தும்போது கிரிப்புக்கும் முனையிலுள்ள எடைக்கட்டைக்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பதை மறக்கக் கூடாது. கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஹேண்டில்பாரை விரைவில் அரிப்பதால், அங்கே ஓடும் வண்டிகளுக்கு இந்த ஒரு வேலையே பெரும்பாலும் போதுமானதாக இருக்கும்.

குழாயைக் கழற்றியிருக்கும் அதே நேரத்தில், கேபிளின் உள்கம்பியை விரல்களால் பிடித்து இழுத்துப் பார்க்கலாம். அப்போதும் கம்பி கரகரவென்று வந்தால் குறை கேபிளில்தான். ஒரு கேபிள் எவ்வளவு கெடுக்க முடியும் என்பதைப் பலரும் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். வளைந்து செல்லும் கயிற்றின் உரசல், வளைவின் மொத்தக் கோணத்தோடு அடுக்கேற்றமாகப் பெருகும் என்பது இயற்பியல். நல்ல நிலையிலுள்ள ஒரு கேபிளின் உரசல் கெழு 0.15 என்றும், மேலிருந்து கீழ் வரை எல்லா வளைவுகளையும் கூட்டினால் 180 பாகை என்றும் வைத்துக்கொள்வோம். கார்ப்ரேட்டர் முனையில் தேவைப்படும் இழுப்பைப் போல் சுமார் 1.6 மடங்கு இழுப்பைக் கை தர வேண்டியிருக்கும். கம்பி வறண்டு துருவேறி அந்தக் கெழு 0.3 ஆகிவிட்டால் அதுவே ஏறக்குறைய 2.6 மடங்காகும். திரும்பும் வழியிலும் இதே கணக்குதான்: ஸ்பிரிங் இழுக்கும் விசையில் ஐந்தில் இரண்டு பங்கு மட்டுமே கிரிப்பை எட்டும். கை வலிப்பதும் ஆக்சிலேட்டர் மெதுவாக மூடுவதும் ஒரே நோயின் இரு அறிகுறிகள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

எனவே கேபிளைப் பொறுத்தவரை நம் முன் மூன்று தேர்வுகள்: பாதையைச் சரிசெய்வது, எண்ணெய் விடுவது, புதிதாக மாற்றுவது. பாதையைச் சரிசெய்வதை யாரும் கண்டுகொள்வதில்லை. டேங்க்கைக் கழற்றி மாட்டும்போதோ, உயரமான ஹேண்டில்பாரைப் பொருத்தும்போதோ, முகப்பு விளக்கின் ஒயர்களோடு கேபிளையும் சேர்த்து டேக் போட்டு இறுக்கும்போதோ ஒரு கூர்மையான வளைவு உருவாகிவிடுகிறது. மேலே சொன்ன கணக்கில், நல்ல கேபிளிலேயே தேவையற்ற ஒரு செங்கோண வளைவு கையின் வேலையைக் கால் பங்குக்கு மேல் கூட்டும். டேக்கை வெட்டிவிட்டு, கம்பெனி வைத்த கொக்கிகளின் வழியாகவே கேபிளைத் திரும்ப ஓட்டினால் அந்தச் சுமை உடனே இறங்கும். உயர்ந்த ஹேண்டில்பாருக்குப் பழைய அளவுக் கேபிளையே இழுத்து மாட்டியிருந்தால், இடத்தை மாற்றுவதால் பயனில்லை. நீளமான கேபிள்தான் வேண்டும்.

எண்ணெய் விடுவது மலிவான வழி, ஆனால் அதற்கு ஓர் இரவாவது வேண்டும். மேல்முனையையும் கீழ்முனையையும் கழற்றிவிட்டு, மேல்முனையைச் சுற்றிச் சிறு பாலிதீன் பையைப் புனல்போலக் கட்டி, தையல் மெஷின் எண்ணெயோ மெல்லிய எஞ்சின் ஆயிலோ ஊற்றித் தொங்கவிட வேண்டும். கீழ்முனையில் முதலில் கறுப்பாகவும் பிறகு தெளிவாகவும் எண்ணெய் சொட்டும். கீழ்முனையைக் கார்ப்ரேட்டரிலேயே விட்டுவிட்டு எண்ணெய் ஊற்றினால், கேபிளுக்குள் இருந்த துருவும் மண்ணும் நேராக அதற்குள் இறங்கும். துருவை இளக்கும் ஸ்பிரேயை மட்டும் அடித்துவிட்டு நிறுத்திவிடுவது பரவலான பழக்கம். அது அழுக்கைக் கழுவும். ஆனால் பெரும்பகுதி ஆவியாகிவிடுவதால் சில வாரங்களில் கேபிள் முன்னைவிட வறண்டு நிற்கும். ஸ்பிரேக்குப் பின் எண்ணெய் விட்டால்தான் வேலை முடிந்ததாகும். உள்ளே நைலான் அல்லது டெஃப்லான் பூச்சுக் குழல் உள்ள கேபிள்களுக்கு இது பொருந்தாது. அவை உலர்வாகவே ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிக்கொண்டு நிலைமை மோசமாகும். அத்தகைய கேபிள் இறுகினால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மாற்றுவதா, எண்ணெய் விட்டு ஓட்டுவதா என்ற கேள்விக்கு என் பதில் நிப்பிள்களின் அருகே இருக்கிறது. அங்கே முறுக்குக் கம்பியின் ஓர் இழை அறுந்திருந்தாலும் எண்ணெயை மறந்துவிட வேண்டும். அறுந்த இழை உறைக்குள் இழுபட்டு முள்போலக் குத்திக்கொண்டால் ஆக்சிலேட்டர் திறந்த நிலையிலேயே சிக்கிவிடும். அப்படிச் சிக்கினால் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கில் ஸ்விட்சை, அது இல்லாத வண்டியில் சாவியை, அணைப்பது ஒன்றே வழி. நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் அதைக் கற்றுக்கொள்ள நேர வேண்டாம். உறையின் பிளாஸ்டிக் வெடித்து உள்ளிருக்கும் எஃகுச் சுருள் தெரிந்தாலும் அதே முடிவுதான், ஏனென்றால் விட்ட எண்ணெயை அடுத்த மழையே கழுவிவிடும். சாதாரணப் பயண வண்டிகளுக்குப் புதுக் கேபிளின் விலை சில நூறு ரூபாயைத் தாண்டாது. ஒரிஜினலுக்கும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் டூப்ளிகேட்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பார்த்துத் தயங்குவதும் தேவையற்றது. டூப்ளிகேட்டில் உறையின் நீளம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் அட்ஜஸ்டரின் முழு மரையும் அதற்கே செலவாகிவிடும். வாங்கும்போது பழையதையும் கையோடு எடுத்துச் சென்று பக்கத்தில் வைத்து அளந்து பார்ப்பது நல்லது.

குழாயும் சரி, கேபிளும் சரி என்றால் மிஞ்சுவது கார்ப்ரேட்டர். இங்கே வண்டியின் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 என்ற புகை மாசு விதிகள் வந்தபின் விற்ற வண்டிகள் பெரும்பாலும் எரிபொருள் உட்செலுத்தும் வகையைச் சேர்ந்தவை. அதற்கு முந்தையவற்றில் கார்ப்ரேட்டர்தான் அதிகம். சிறிய வண்டிகள் பலவற்றில் கேபிள், காற்று போகும் வழியைத் திறந்து மூடும் ஸ்லைடையே நேரடியாக மேலே தூக்கும். எஞ்சின் ஓடும்போது உண்டாகும் உறிஞ்சல் அந்த ஸ்லைடை எஞ்சின் பக்கச் சுவரோடு அழுத்திப் பிடிப்பதால், பெட்ரோல் படிவும் மண்ணும் ஒட்டியிருந்தால் ஐடிலிலிருந்து முதல் இம்மி நகர்வது மட்டும் கடினமாக இருக்கும். எஞ்சின் அணைந்திருக்கும்போது இலேசாகவும் ஓடும்போது இறுக்கமாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான் காரணம். மேல்மூடியைத் திருகிக் கழற்றினால் ஸ்லைடு ஸ்பிரிங்கோடு வெளியே வரும். அதைப் பெட்ரோலில் கழுவித் துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாளை இதன் அருகே கொண்டுவரக் கூடாது. திரும்பப் போடும்போது ஸ்லைடின் சாய்வாக வெட்டிய விளிம்பு ஏர் ஃபில்டர் பக்கம் இருக்க வேண்டும். பக்கத்திலுள்ள பள்ளம் உள்ளேயிருக்கும் முள்ளில் உட்கார வேண்டும். முன்பின் மாற்றிப் போட்டால் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சின் அலறும். பெரிய வண்டிகளில் காணப்படும் சிவி வகைக் கார்ப்ரேட்டரில் கேபிள் ஒரு தட்டை மட்டுமே திருப்புவதால் இந்தத் தொல்லை குறைவு.

இனி ஸ்பிரிங். இணையக் காணொளிகளில் ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றை வெட்டிவிட்டு "வெண்ணெய் மாதிரி ஆயிடுச்சு" என்று காட்டுகிறார்கள். இதை ஏன் நான் எதிர்க்கிறேன் என்பதற்குச் சிறு கணக்கு போதும். ஒரு ஸ்பிரிங்கின் இயல்பு நீளம் 100 மில்லிமீட்டர், மூடிய நிலையில் 40 மில்லிமீட்டர் அமுங்கியிருக்கிறது, முழுவதும் திறக்கும்போது இன்னும் 25 அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கை வெட்டினால் நீளம் குறையும், ஆனால் மிச்சமிருக்கும் சுருள் முன்னைவிடக் கெட்டியாகிவிடும். விளைவாக, முழுவதும் திறந்த நிலையில் கைக்குக் கிடைக்கும் சலுகை வெறும் 6 சதவீதம். மூடிய நிலையில் இழக்கும் விசையோ 17 சதவீதம். கடைசி இம்மியை மூட வேண்டிய இடத்தில்தான் அதிகம் இழக்கிறோம். கேபிளின் உரசல் அதிகமாக இருக்கும் பழைய வண்டியில் அந்தக் கடைசி இம்மி மூடாமலே போகலாம். கையை எடுத்ததும் ஆக்சிலேட்டர் தானாக ஐடிலுக்குத் திரும்ப வேண்டும் என்பதை அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 123 என்ற விதி சட்டமாகவே வைத்திருக்கிறது.

ஸ்பிரிங் உண்மையிலேயே மிகையாக இருக்கும் வண்டிகள் உலகில் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டெல்லோர்ட்டோ கார்ப்ரேட்டர் பொருத்திய, இத்தாலியின் பழைய மோட்டோ குஸ்ஸி வண்டிகளுக்கு மெல்லிய ஸ்பிரிங்குகளைத் தனியாகவே விற்கிறார்கள். 1969-இல் வந்த ஹோண்டா சிபி750-இன் முதல் வண்டிகளில் ஒரு கிரிப் நான்கு ஸ்லைடுகளையும் நான்கு ஸ்பிரிங்குகளுக்கு எதிராகத் தூக்கியது. பின்பு திறக்க ஒன்று, மூட ஒன்று என இரு கேபிள்களும் இணைப்புத் தண்டும் வந்தன. நம் ஊர்ப் பயண வண்டியில் இருப்பது ஒரே கார்ப்ரேட்டர், ஒரே ஸ்பிரிங். அது புதிதாக இருந்தபோது கை வலிக்கவில்லை என்றால், இப்போது வலிப்பதற்கு ஸ்பிரிங் காரணமாக இருக்க முடியாது. ஸ்பிரிங் வயதாக ஆகத் தளரத்தான் செய்யும். த்ராட்டில் பாடியின் முறுக்கு ஸ்பிரிங்கை ஒரு சுற்றுத் தளர்த்துவதற்கும் இதே பதில்தான். அங்கே பட்டாம்பூச்சித் தட்டின் விளிம்பிலுள்ள கரியைச் சுத்தம் செய்யலாம். பெயின்ட் புள்ளி வைத்த ஸ்குருக்களைத் தொடக் கூடாது. 2017 மாடல் கேடிஎம் 390 டியூக் போல கிரிப்புக்கும் எஞ்சினுக்கும் இடையே கேபிளே இல்லாத வண்டியென்றால், குழாயைத் துடைப்பதோடு வீட்டுவேலை முடிந்தது.

எல்லாம் சரியாக இருந்தும், அதாவது "டக்" என்று மூடியும், நீண்ட பயணத்தில் கை வலிக்கிறவர்களுக்கு ஸ்பிரிங்கைத் தொடாமலே ஒரு வழி இருக்கிறது. கிரிப்பின் பருமனைக் கூட்டுவது. திருக வேண்டிய முறுக்கு மாறாது. ஆனால் அதை அதிக ஆரத்தில் செலுத்தினால் உள்ளங்கையின் வேலை குறையும். 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிரிப்பின் மேல் நுரையுறை போட்டு 40 ஆக்கினால் விசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மூடும் வேகம் அப்படியே இருக்கிறது. விரல் குட்டையானவர்களுக்குப் பிரேக் லீவர் எட்டாமல் போகலாம் என்பது ஒரு குறை. உறை நகர்ந்து ஸ்விட்ச் கூட்டையோ முனைக்கட்டையையோ உரசினால் நான் தொடக்கத்தில் சொன்ன கதைதான். உள்ளங்கை தாங்கியாகக் கிரிப்பில் மாட்டும் பிளாஸ்டிக் நாக்கு நேர்சாலையில் சுகமாக இருக்கும்; நகர நெரிசலில் கை தவறி அதன் மேல் பட்டாலே வண்டி சீறும் என்பதால் சென்னை, மதுரைப் போக்குவரத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தினமும் வேலைக்குப் போகும் பழைய கார்ப்ரேட்டர் வண்டி வைத்திருப்பவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஒதுக்கினால், குழாயைத் துடைப்பது, கேபிளின் பாதையைப் பார்ப்பது, நிப்பிள்களின் அருகே இழைகளைச் சோதிப்பது ஆகிய மூன்றையும் முடித்துவிடலாம். கேபிள் ஐந்தாறு ஆண்டு பழையதென்றால் எண்ணெய் விடும் இரவை மிச்சப்படுத்திக்கொண்டு புதியதையே மாட்டிவிடுவது நல்லது. இரண்டு ஆண்டுக்கு உட்பட்டதென்றால் எண்ணெய் போதும். ஸ்லைடைக் கழற்றுவதில் கை பழகாதவர் அதை மட்டும் மெக்கானிக்கிடம் விடலாம். "ஸ்பிரிங்கை வெட்ட வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதில் தவறில்லை. எல்லாவற்றையும் மாட்டியபின்தான் அட்ஜஸ்டருக்கு வர வேண்டும். 2 முதல் 6 மில்லிமீட்டர் ஆட்டம் வைத்து லாக் நட்டை இறுக்கி, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்ப வேண்டும். எஞ்சின் சத்தம் இம்மியும் ஏறாமல், ஒவ்வொரு கோடியிலும் கிரிப்பை விட்டவுடன் "டக்" என்று மூடினால் வண்டியைத் தெருவில் இறக்கலாம். கழற்றிய பழைய கேபிளில் இழை அறாமல் இருந்தால், எண்ணெய் விட்டுச் சுருட்டி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். ஊர் பெயர் தெரியாத இடத்தில் புதியது அறுந்தால் வீடு வந்து சேர உதவும்.